சீட்டுக்குப் போட்ட பாலிஷ்

அப்பாவின் டாக்சி நாளெல்லாம் மட்டாஞ்சேரி படகுத்துறையில் வெயிலில்தான் நிற்கும். இரண்டு கோடை தாண்டியதும் டேஷ்போர்டின் மேலிருந்த கறுப்பு ரெக்சின் வெடித்து உள்ளிருந்த ஸ்பாஞ்ச் வெளியே தெரிந்தது. சீட்டுகளும் சாம்பலாக வெளிறி, தையலோரங்களில் கிழிந்தன. சவாரிக்கு வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அத்தையைப் பெண் பார்க்க ஆலுவாவிலிருந்து வருகிறவர்களை அதில் அழைத்து வர வேண்டும் என்றானபோதுதான் அப்பாவுக்கு உறுத்தியது.

அத்தை அப்பாவின் தங்கை. தேவராவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கல்யாணமானதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அப்பா சரி என்றுவிட்டார். அத்தையிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை.

சனிக்கிழமை அப்பா கிழிசல்களுக்கு அடியில் புது ரெக்சின் துண்டுகளைச் செருகி, பசை தடவி, மேலே செங்கல் வைத்து அழுத்தினார். ஒட்டு நன்றாகப் பிடித்தது. ஆனால் வெளிறிய சீட்டில் புதுத் துண்டுகள் கன்னங்கரேலென்று தனியாகத் தெரிந்தன.

"ஒட்டுப் போட்டது தெரியுதே அண்ணா. நான் ஒரே நிறமாக்கித் தரேன்," என்றாள் அத்தை.

தங்கைக்கு இந்தச் சம்பந்தத்தில் இவ்வளவு ஆசையா என்று அப்பா அம்மாவிடம் சொல்லி நெகிழ்ந்தார்.

அத்தை என் பள்ளிக்கூட ஷூ பாலிஷைத் தேங்காயெண்ணெயில் குழைத்து எல்லா இடத்திலும் தேய்த்தாள். துணியால் துடைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், ஊறட்டும்."

மறுநாள் உச்சிவெயிலில் அவர்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா திரும்பியபோது வெள்ளை வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. மாப்பிள்ளையின் சந்தன நிறப் பேன்ட்டும் அப்படியே. வழியில் வியர்வை துடைத்திருப்பார் போலிருக்கிறது, நெற்றியிலும் ஒரு தீற்றல்.

"கரி மூட்டை மேல உட்கார வெச்சா கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் பெரியவர்.

அப்பா சோப்பும் தண்ணீரும் கொண்டு வந்தார். கறை இன்னும் பரவியது. சாயா ஆறிப்போனது. பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் பஸ்ஸில் போனார்கள்.

நான் உள்ளே ஓடி அத்தையிடம் சொன்னேன்.

"எல்லார் மேலயுமா?" என்றாள்.

"எல்லார் மேலயும்."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள்கள் குலுங்கின. வேறு மாப்பிள்ளை வருவார் என்று ஆறுதல் சொன்னேன், குலுங்கல் கூடியது. பயந்துபோய் அம்மாவைக் கூட்டி வந்தேன். அம்மா ஒரு நொடி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அவ அழுது தீர்க்கட்டும், யாரும் உள்ள போகாதீங்க," என்றாள் அப்பாவிடம்.

அதைச் சொல்லும்போது அம்மாவின் குரலும் ஏன் அப்படி நடுங்கியது என்று அன்று எனக்குப் புரியவில்லை.