வலீயின் சுழி

முதல் நாள்

பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, துறைத்தலைவர் என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "பிலோமினா... நீங்கதான் ஃபிக்ஹ் எடுக்கப் போறீங்களா?" என்றார். ஃபிக்ஹ் என்றால் இஸ்லாமியச் சட்டவியல். ஆமாம் என்றேன்.

"எப்பம்மா மாறினீங்க?"

மாறவில்லை, வீடு சாந்தோம் பக்கம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள்தான் என்றேன். அந்தப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னை நிறுத்திக் கேட்பார்: "நம்ம திருச்சபைச் சட்டமே கடல் மாதிரி கிடக்கே, அதைப் படிச்சிருக்கக் கூடாதாம்மா?" இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். ரோமானியச் சட்டம் படிப்பவரை யாரும் ரோம் ஊர்க்காரரா என்று கேட்பதில்லை. இதுவும் ஒரு பாடம். அரபி தெரிய வேண்டும். மத்ஹப் எனப்படும் சட்டப்பள்ளிகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று தெரிய வேண்டும். ஒரு தீர்ப்பைக் காட்டினால் அதற்குக் காரணம் கேட்கத் தெரிய வேண்டும். சிலபஸில் இருப்பது அவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை. ரிட்டயர் ஆகும்வரை இதே கதைதான்.

ரஹ்மத் நிஷாவின் தலைப்பு

என்னிடம் கடைசியாக பிஎச்.டி. செய்தவள் ரஹ்மத் நிஷா. தி. நகர்ப் பெண். அவள் வாப்பா ஷாஃபிஈ சட்டப்பள்ளியைச் சேர்ந்தவர், அம்மா வீட்டார் ஹனஃபீ. "எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டு சட்டம் மேடம், நடுவுல நான்" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னாள். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

நிக்காஹில் பெண்ணின் சார்பில் நிற்கும் பொறுப்பாளருக்கு அரபியில் வலீ என்று பெயர். பெரும்பாலும் தகப்பனார். வலீ இல்லாமல் நிக்காஹ் செல்லாது என்பது ஷாஃபிஈ சட்டம். வயது வந்த பெண் தன் நிக்காஹைத் தானே செய்துகொள்ளலாம் என்பது ஹனஃபீ சட்டம். இந்த ஊரில் பக்கத்து வீடுகளில் இரண்டும் நடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே தமிழ் முஸ்லிம் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடித்தான் அவள் வருடக்கணக்கில் அலைந்தாள். தமிழில் எழுதினாள். தலைப்பு, 'திருமணத்தில் வலீயின் இடம்'. வைவாவுக்கு வந்த வெளி எக்ஸாமினர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

சர்டிஃபிகேட் வந்தது. 'திருமணத்தில் வலியின் இடம்' என்று தமிழிலும், அதன் கீழே ஆங்கிலத்தில் 'தி பிளேஸ் ஆஃப் பெயின் இன் மேரேஜ்' என்றும் அச்சாகியிருந்தது.

செக்‌ஷனில்

அவளைக் கூட்டிக்கொண்டு, சர்டிஃபிகேட் அச்சடிக்கும் செக்‌ஷனுக்குப் போனேன். சூப்பிரண்டு அம்மாள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார்.

"வலீன்னு தமிழ்ல வார்த்தையே கிடையாதேம்மா. ஸ்பெல்லிங் மிஸ்டேக்குன்னு நாங்கதான் சரி பண்ணோம்."

"தீசிஸைத் திறந்து பாத்திருக்கலாமே?"

"அதைப் படிக்கறதா எங்க வேலை? ப்ரூஃப் உங்க டிபார்ட்மென்ட்டுக்குத்தான் வந்திச்சி. உங்க ஹெட்டு ஓகேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சிக்கிறாரு. அவரு எழுதிக் குடுத்தா மாத்திக் குடுக்கப்போறோம்."

நல்லது செய்த திருப்தி அந்த முகத்தில் இருந்தது. அந்த அம்மாளிடம் கோபப்படவும் எனக்கு வழியில்லை.

அப்போது தலைவராக இருந்தவர் வேறு, என்னைவிட இளையவர். விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்தினார்.

"படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்னு நானே எழுதித் தரணுமா மேடம்?"

"அதுதானே சார் நடந்தது."

"டிபார்ட்மென்ட்டை இன்னொண்ணோட சேத்துடலாமான்னு மேல பேசிக்கிட்டு இருக்காங்க. இந்த நேரத்துல நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

"அந்தப் பொண்ணுக்கு இன்டர்வியூ வருது. இந்தப் பாடத்துக்கு ஒரு போஸ்ட் வர்றது எவ்வளவு அபூர்வம்னு உங்களுக்கே தெரியும்."

"உள்ள இருக்கறது ஃபிக்ஹ்தானே. வாயால சொல்லிப் புரிய வைக்கட்டும்."

திருத்தம் கேட்டு நான் எழுதிக் கொடுத்த கடிதம் அவர் மேஜையிலேயே கிடந்தது.

இன்டர்வியூ

தலைப்பு தவறாக அச்சாகிவிட்டது என்று நான் தனியாக எழுதிக் கொடுத்த கடிதத்தையும் தீசிஸையும் எடுத்துக்கொண்டு ரஹ்மத் உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவள் ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்.

"சைக்காலஜி படிச்சவங்க இங்க ஏன் வந்தீங்கன்னு கேட்டாங்க மேடம். எல்லாத்தையும் சொன்னேன். போர்டுல அரபி தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார். வலீன்னா எனக்குத் தெரியும்மா, ஆனா நாங்க சர்டிஃபிகேட்டைத்தான் பாக்கணும்னு சொல்லிட்டார்."

தெரியாதவரை மன்னித்துவிடலாம். இவரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவள் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா மேடம் ஆச்சி, பொண்ணு அழுவுது?" என்றார். அவள் தலைப்பில் வலீ என்பதை வலி என்று அடித்துவிட்டார்கள், வேலை போய்விட்டது என்றேன்.

"வலின்னா வலிதானே மேடம், அதுல இன்னா கீது?" என்றார் அவர்.

திருத்தம்

நான் ரிட்டயர் ஆனேன். எங்கள் துறையை இன்னொரு துறையோடு சேர்த்தார்கள், ஃபிக்ஹ் விருப்பப்பாடம் ஆனது, யாரும் விரும்பவில்லை என்று அதையும் எடுத்தார்கள். நான் மட்டும் விடவில்லை. அடுத்து வந்த தலைவரிடம் நடையாய் நடந்து கையெழுத்து வாங்கினேன். சர்டிஃபிகேட்டைத் திருத்தித் தரலாம் என்று ஆர்டர் கிடைத்தது. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ரஹ்மத் அப்போது அடையாறில் குடும்ப ஆலோசனை மையம் ஒன்றில் வேலையில் இருந்தாள். ஆர்டரை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். இரண்டு முறை வாசித்தாள். பிறகு மடித்து என்னிடமே நீட்டினாள்.

"வேணாம் மேடம்."

"ஏம்மா?"

"அந்தத் தலைப்பைப் பாத்துத்தான் இங்க என்னைக் கூப்பிட்டாங்க. திருமணத்துல வலியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. இப்ப மாத்தினா இந்த வேலையும் போயிடும். அந்த வேலை இனிமே எங்க இருக்கு? பாடமே இல்லையே."

எனக்கு ஆத்திரமாக வந்தது, அவள் மேல் அல்ல. வெளியே ஆலோசனைக்கு வந்த பெண் ஒருத்தி, கையில் குழந்தையோடு அவளுக்காகக் காத்திருந்தாள். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று ரஹ்மத் சொன்னாள். குடித்தேன்.

ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ப்ரூஃப் வந்தால் தலைவர் மேஜைக்குப் போகுமுன் அதை நீங்களே வாங்கி, தலைப்பை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். உங்கள் பாடம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். தெரிந்தவரும் சர்டிஃபிகேட்டைத்தான் பார்ப்பார்.

அந்த ஆர்டர் என் அலமாரியில் இருக்கிறது. அதில் வலீ என்று சுழியோடு, பிழையில்லாமல் அடித்திருக்கிறார்கள்.