வேஷ்டியில் வடிகட்டிய என்ஜின் ஆயில்

என் மாமனார் முப்பது வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவர் நினைப்பு. அந்த நினைப்போடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவள் நான். இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்தாலும் எரிச்சலாகத்தான் வருகிறது.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் கணவர் பூனாவில் ராணுவக் கணக்கு ஆபீஸில் இருந்தார். எங்கள் டிரைவர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டான். மயிலாப்பூர் வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு சின்ன கார், அதை ஓட்டத் தெரியாத மாமனார், ஓட்டத் தெரிந்த நான். கல்யாணத்துக்கு முன்பே என் அண்ணா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். அடையாறில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்ததும் மாமனாரிடம் போய் நின்றேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"வண்டியை எடுத்துண்டு போ. ஆனா ஒரு நாள் அது நடு ரோட்டுல நின்னுதுன்னாலும் சாவி என் கைக்கு வந்துடணும். வேலையும் அத்தோட சரி. ஊர் நின்னு வேடிக்கை பார்க்கப்படாது."

சரி என்றேன். அந்த வேலைக்காக எதற்கு வேண்டுமானாலும் சரி என்று சொல்லியிருப்பேன். காலையில் கேட்டைத் தாண்டி வண்டி மந்தைவெளிப் பக்கம் திரும்பினால் போதும், அன்றைக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். வகுப்பில் நாற்பது பெண்கள் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். வீட்டில் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.

வண்டி நிற்காமல் இருக்க வேண்டுமே என்று, அதோடு வந்த புத்தகத்தை வரி வரியாகப் படித்தேன். ஆயிரம் மைலுக்கு ஒரு தரம் என்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. முதல் மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு மவுண்ட் ரோட்டுக்குப் போனேன். ஆயில் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்த நாள். கடைக்காரர் இரண்டு டின்களை எடுத்து வைத்தார். ஒன்று இளக்கம், ஒன்று கெட்டி. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியானதுதான் நிற்கும் என்று புத்தகத்தில் படித்திருந்ததால் நம்பரைச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அந்த டின்னை மாமனார் வாங்கிப் பீரோவில் வெள்ளிப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். "புதுசு அவசரத்துக்கு இருக்கட்டும். உள்ளே இருக்கறதையே சுத்தம் பண்ணிக்கலாம்."

சுத்தம் செய்தது எப்படி என்றால், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டிக்கடியில் பாயை விரித்துப் படுத்து, பழைய ஆயிலைத் தகர டின்னில் தாமே இறக்குவார். இரண்டு நாள் தெளியவிடுவார். மேலாக நிற்பதைத் தம்முடைய பழைய வேஷ்டியை நாலாக மடித்து அதில் வடிகட்டி, திங்கட்கிழமை காலை திரும்ப என்ஜினில் ஊற்றுவார். அளவு பார்க்கும் குச்சியைத் தொட்டு எடுத்து என்னிடம் காட்டுவார். "பார், டிகாக்ஷன் மாதிரி இருக்கு. இதைப் போய் மாத்தணுங்கறயே! நீங்கள்ளாம் முறுக்கு சுட்ட எண்ணெயை வடிகட்டி வெச்சுக்கறதில்லையா?"

"நாலு தரம் சுட்ட எண்ணெயை நாங்க வெச்சுக்கறதில்லைப்பா" என்றேன். ஆயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தால் வழவழப்பே இருக்காது. நறநறவென்று இருக்கும், காந்தல் வாசனை அடிக்கும். ஆயிரத்து இருநூறு மைல் ஆனபோது சொன்னேன். ஆயிரத்து ஐந்நூறில் சொன்னேன். ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள் நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது என்று சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த வேஷ்டியை மட்டும் ஒவ்வொரு தடவையும் நான் சவுக்காரம் போட்டுத் துவைக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை அடையாறு பாலத்தின் நடுவில் முள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. என்ஜின் இரண்டு முறை கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றது. பட்டினப்பாக்கத்து மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மா, மக்கர் பண்ணுதா?" என்று தள்ள வந்தாள். பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். கோபத்தில் வந்த அழுகை அது.

ராயப்பேட்டை மெக்கானிக் வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். மறுநாள் மாமனாரும் நானும் அங்கே போனபோது என்ஜினின் அடித்தொட்டியைக் கழற்றி வைத்திருந்தார். ஆயிலை உறிஞ்சும் இடத்தில் இருந்த சின்னச் சல்லடையில் கறுப்பாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. ஊசியால் கிளறி எடுத்துக் காட்டினார்.

"இன்னா சார் இது? பூரா நூலு கீது. துணில வடிகட்டி வடிகட்டி ஊத்திக்கினு இருந்தீங்களா? ஆயிலு எப்டி மேல ஏறும்?"

எனக்குச் சந்தோஷமே வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன. இதோ சாட்சி! மாமனார் முகத்தைப் பார்த்தேன். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தால் துடைக்க ஆரம்பித்தார்.

மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். "யம்மா, இது இன்னா வடை சுட்ற எண்ணெயா?" பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான் வடிகட்டலை" என்றேன்.

"பரவால்லம்மா. வூட்ல இருக்கிற பழக்கம், வந்துடும்" என்றார் அவர், ரொம்பவும் பரிவாக. அந்தப் பரிவுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமனார் கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு அந்த வாரமே ராஜினாமாக் கடிதம் போயிற்று. பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

மெக்கானிக் தம்மிடம் இருந்த ஏதோ ஆயிலை ஊற்றி வண்டியை அனுப்பினார். ஐந்து மாதம் அது ஷெட்டில் தூங்கிற்று. சண்டை முடிந்து, பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு டிரைவர் வேலைக்கு வந்தான். முதல் நாளே குச்சியை எடுத்து ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தான்.

"ஆயிலு போச்சு சார். மாத்தணும்."

"சரிப்பா" என்றார் மாமனார்.

அவ்வளவுதான். உடனே பீரோவைத் திறந்து என் டின்னை எடுத்துக் கொடுத்தார். கூடத்தில் காபி டம்ளரோடு நின்றிருந்த எனக்கு, அதைத் தூக்கி எறியலாமா என்று வந்தது.

பழைய ஆயிலை இறக்கிவிட்டு டிரைவர் வாசலுக்கு வந்து, "கை தொடைக்கப் பழந்துணி எதுனா கீதா சார்?" என்று கேட்டான்.

"ஏம்மா, அந்த ஆயில் வேஷ்டியை எடுத்துண்டு வா" என்று மாமனார் குரல் கொடுத்தார்.

"அது உங்க வேஷ்டி. நீங்களே எடுத்துக் குடுங்கோ" என்றேன்.

கல்யாணமான நாளாக அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய், நான் துவைத்து மடித்து வைத்திருந்ததை எடுத்து வந்தார். டிரைவர் அதைப் பிரித்துப் பார்த்து, "இன்னா சார், இவ்ளோ கறை?" என்றான்.

"அதுலதான் ஆயிலை வடிகட்டுவேன்" என்றார் மாமனார், சர்வ சாதாரணமாக.

டிரைவர் தலையை ஆட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். வண்டிச் சாவி அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.