கைதட்டி நிறைவேறிய தீர்மானம்

ஒத்தக்கடையில் மேலூர் சாலையோரம் கொய்யாப்பழ வண்டி போட்டிருக்கும் செல்லக்கிளியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசியல் கட்சியின் துணைத் தலைவராக்கினார்கள். அந்தப் பதவி ஒரு மாலைப்பொழுதுகூடத் தாங்கவில்லை.

அவருடைய பெற்றோர் அலங்காநல்லூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வயல்காரர் வீட்டில் தேநீர்கூட அவர்களுக்குத் தனிக் குவளையில்தான். கல்யாணமாகி வந்ததும் ஏன் வண்டி வாங்கினீர்கள் என்று கேட்டால், "வண்டிக்குப் பின்னாடி நின்னா என்னைய எவனும் 'ஏய்'ன்னு கூப்பிட மாட்டான். கொய்யா எம்புட்டுன்னுதான் கேப்பான்" என்பார். சாலையோர வண்டிகளை எல்லாம் ஒருமுறை ஆக்கிரமிப்பு என்று அதிகாரிகள் லாரியில் அள்ளிப் போனார்கள். செல்லக்கிளி வண்டிக்காரர்கள் எல்லோரையும் கூட்டிப்போய் அவர்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து மீட்டுவந்தார். சாலையோர வியாபாரிகள் சங்கம் அப்படிப் பிறந்தது.

அந்தச் சங்கத்தைத் தேடித்தான் உமேஷ் வந்தார். ஜவுளிக்கடைக்காரர், ஜவுளி வணிகர் பேரவைக்குத் தலைவர். மனை விற்போர் அமைப்பின் தலைவர் வெங்கடசுப்பிரமணியனோடு சேர்ந்து தொழில் செய்வோருக்கென ஒரு கட்சி தொடங்குவதாகச் சொன்னார்.

"கடைக்காரவுகளும் வண்டிக்காரவுகளும் ஒண்ணாச் சேந்தா நம்மள எவன்க்கா அசைக்க முடியும்?"

"எங்க வண்டி ரோட்டுல நிக்கணும் தம்பி. அதுக்கு ஒங்க கட்சி பேசுமா?"

"பேசாம? மொதப் பேச்சே அதான்."

செல்லக்கிளி நம்பினார். நம்பியதில் தவறில்லை, மூன்று அமைப்புகளில் கூட்டம் சேர்க்கக்கூடியது அவருடையது மட்டும்தான். அந்த ஞாயிறு வியாபாரத்தை விட்டுவிட்டு வண்டிக்காரர்கள் கல்யாண மண்டபத்தை நிறைத்தார்கள். பேனரில் 'சிறு வணிகரின் குரல்' என்று எழுதியிருந்தது.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கட்சி பிறந்தாக வேண்டும் என்று தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்தார் வெங்கடசுப்பிரமணியன். வானத்தில் இல்லாத ஒரு பாம்புக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்குத் தரையில் நிற்கும் மனிதர்கள் எங்கே தெரியப்போகிறார்கள்? நம் கூட்டங்களில் தீர்மானத்தை யாரும் விவாதிப்பதில்லை. வாசிப்பார்கள், மேடை கைதட்டும், மேடையைப் பார்த்துக் கீழே தட்டுவார்கள்; ஒருமனதாக நிறைவேறிவிடும்.

"நுழைவுச் சாலைகளில் போக்குவரத்துக்கு இடையூறான தற்காலிகக் கடைகளை அகற்றி, முதலீட்டுக்கு உகந்த சூழலை உருவாக்க அரசை வலியுறுத்துவது."

அந்த நேரம் புதிய துணைத் தலைவர் என்று யாரோ செல்லக்கிளிக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலிகள் தட்டின. அவரும் தட்டினார். மண்டபமே அதிர்ந்தது.

பூ விற்கும் முத்துமீனா மட்டும் பாதிக் கைதட்டலில் எழுந்தாள். "யக்கா, அகத்தச் சொல்லுறது நம்ம வண்டியவா?"

அப்போதுதான் செல்லக்கிளிக்கு உறைத்தது. "பெறகு எதுக்குடி தட்டுன?"

"நீ தட்டுன, நாங்களும் தட்டுனோம்!"

செல்லக்கிளி மைக்கைப் பிடித்தார். "இந்தத் தீர்மானம் எங்களுக்கு வேணாம். வேணாங்கிறவுக கையத் தூக்குங்க." பாதி மண்டபத்துக்கு மேல் கை உயர்ந்தது.

உமேஷ் ஓடிவந்தார். "அக்கா, நாலரை ஆகப்போகுது. அது நிறைவேறிருச்சு. தட்டுன கையத் திரும்ப எப்படி வாங்குறது? அடுத்த கூட்டத்துல மாத்திக்கலாம்."

"அடுத்த கூட்டத்துக்கு வர்றதுக்கு எங்க வண்டி இருக்குமா தம்பி?"

உமேஷ் கடிகாரத்தைப் பார்த்தார்.

செல்லக்கிளி பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார். வண்டிக்காரர்கள் பின்னால் போனார்கள். அவர்கள் கழற்றிப்போட்ட செருப்புகளைத் தேடிக்கொண்டிருக்கையில் உள்ளே கட்சி பிறந்தது.

மறுநாள் பத்திரிகையில் மூன்று அமைப்புகள் இணைந்ததாகச் செய்தி வந்தது. செல்லக்கிளி கைதட்டும் படத்தோடு. அன்று திங்கட்கிழமை. வண்டிகளை அகற்றக் கூடாது என்ற மனுவோடு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் போனார்கள். அதிகாரி அந்தப் படத்தைக் காட்டி, "நீங்களே தட்டியிருக்கீங்களேம்மா" என்றார்.

"தட்டுனேன் சார். தப்பு. அதத்தான் இம்புட்டுப் பேரும் நேர்ல வந்து சொல்றோம்."

மனுவை வாங்கிக்கொண்டார்கள். வண்டிகள் இன்றுவரை சாலையோரத்தில் நிற்கின்றன. உறுதி எதுவும் யாரும் தரவில்லை.

சங்கக் கூட்டத்தில் இப்போது தீர்மானத்தை வாசித்ததும் ஒவ்வொருவரும் வாய்திறந்து சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கிறது. போன கூட்டத்தில் இளநீர்க்கடை சோணை பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாகக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.