அப்பா பறித்த பந்து

எங்கள் வீட்டுக் கோழி நாளுக்கு ஒரு முட்டை வைக்கும். அது எனக்குத்தான் என்பது எனக்குப் பல் முளைத்த நாளிலிருந்து இருந்துவந்த ஏற்பாடு. அத்தான் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் அம்மா அந்த முட்டையை என் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் அவர் தட்டில் வைத்தாள். "ஓடியாடுற புள்ள" என்று எனக்குச் சமாதானம் வேறு. நானும்தான் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தேன். அதற்கு யாரும் முட்டை தரவில்லை, முதுகில்தான் தந்தார்கள்.

அத்தான் என்றால் அப்பாவின் தங்கை மகன். அத்தை மலாக்காவில் பாயா ரும்புட் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். அத்தானுக்குக் கீழே இன்னும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். ரப்பர் விலை தரைக்கு வந்துவிட்ட வருஷங்கள் அவை. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்து, லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கும் அங்கிருந்து கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தையின் முறை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அத்தானுக்கு டவுனில் ஓர் அரசாங்க வேலை கிடைத்துவிட்டால் குடும்பம் இங்கேயே தங்கிவிடும். எங்கள் அக்காவும் அந்த வீட்டுக்கே மருமகளாகப் போவாள். அது அக்கா பிறந்த அன்றைக்கே பேசி முடித்த விஷயம்.

ஆபீசுகளிலும் ஆட்குறைப்பு நடந்த காலத்தில் வேலைக்கு எங்கே போவது? ஒரே ஒரு வழி இருந்தது. அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஆபீசின் துரைக்கு ஹாக்கி என்றால் உயிர். கணக்கில் தப்புச் செய்தவனை மன்னித்துவிடுவார், பந்தைக் கோட்டைவிட்டவனை மன்னிக்க மாட்டார். அவருடைய அணிக்கு முன்வரிசையில் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளுக்காகவே ஆபீசில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். அப்பா அதே அணியில் கோலுக்கு முன்னால் நிற்கும் புல்பேக். பதினைந்து வருஷமாக அந்த இடத்தில் நின்றவர். மலாக்கா பாடாங் மைதானத்தில் அவரைக் 'கோட்டைச் சுவர்' என்பார்கள். அத்தானை நம் வீட்டில் வைத்துத் தேற்றி, துரையிடம் காட்டி, அந்த நாற்காலியில் உட்கார்த்தி வைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

அத்தான் ஹாக்கி கற்றுக்கொண்டதே ஒரு கூத்து. தோட்டத்தில் நல்ல பந்துக்கு எங்கே போவது? மரத்தில் காய்ந்த பாலை உரித்து, சுருட்டிச் சுருட்டி உருண்டையாக்கி, வளைந்த கொய்யாக் கிளையால் அடித்துப் பழகியிருக்கிறார்கள். அந்த ரப்பர் உருண்டை தரையில் நிற்காது, குதிக்கும். அதனால் பந்து எங்கே குதித்தாலும் அத்தானின் மட்டை அங்கே முன்கூட்டியே போய்க் காத்திருக்கும். டவுன் பந்து அவருக்குச் செத்த எலி மாதிரி. மட்டையின் மேல் அதை நிறுத்திக்கொண்டே பாடாங்கின் பாதி தூரம் ஓடுவார். எதிரே வருகிறவனின் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொள்வார். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, தலையில் வாசனைத் தைலம். கோல் அடிப்பதற்கு முன்னால் கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார், எல்லாரும் கவனிக்கிறார்களா என்று. எல்லாரும் கவனித்தார்கள். மலாய்க்காரப் பிள்ளைகள், சீனக் கடைக்காரர்கள், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த மாட்டுவண்டிக்காரர் எல்லாரும்.

எனக்கு வயிறு எரிந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அப்படி எரிந்தது. முட்டை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அப்பாவின் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் அவருக்கு முன்னால் நடந்து போகும் உரிமை என்னுடையது. ஒன்பது வயதுப் பெண் பாடாங்குக்குப் போகலாமா என்று கேட்ட அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் அப்பாவே பதில் சொல்லி வாங்கித் தந்த உரிமை. அத்தான் வந்தபிறகு "குடு பாப்பா, ஒனக்கு எதுக்கு கஷ்டம்" என்று சிரித்துக்கொண்டே மட்டையை வாங்கிக்கொண்டார். மாமனின் சாமானை மருமகன் சுமப்பதுதான் மரியாதையாம். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். அக்காவோ, அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னால் கரி இல்லை, கை வலிக்கிறது என்பவள், அத்தானின் சட்டையைக் கேட்காமலே போட்டு மடித்து வைத்தாள்.

ஊரில் அப்போது இரண்டு கட்சி. பையன் பெரிய ஆளாக வருவான், சிங்கப்பூர் வரைக்கும் பேர் போகும் என்று ஒரு கட்சி. ஆட்டமெல்லாம் மினுக்கு, ஆறு மாதத்தில் அடங்கிவிடுவான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் தீர்ப்புக்கு அப்பாவிடம்தான் வந்தார்கள். முதலில் அப்பா சிரித்துக்கொண்டே, "காலு நல்லா இருக்கு. பந்த குடுக்கத்தான் இன்னும் தெரியல. கத்துக்குவான்" என்பார். எனக்கு அது போதாது. ஒருநாள் சாப்பிடும்போது, "அத்தான் ஆடுறது ஹாக்கியா கரகமாப்பா?" என்று கேட்டேன். அப்பா உரக்கச் சிரித்தார். அத்தானும் கூடச் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கிளேபாங்குக்குக் கூட்டிப்போனார், கடற்கரைச் சாலையில் ஒரு கோப்பிக் கடைக்கு. அத்தான் கூட வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்காரர் அப்பாவை உற்றுப் பார்த்துவிட்டு, முகம் மலர, "ஐயா, நீங்க அந்த ஹாக்கித் தம்பியோட மாமாதானே?" என்றார். "உக்காருங்க. காசு வேண்டாம் லா. அந்தத் தம்பிக்காக." பதினைந்து வருஷம் கோட்டைச் சுவராக நின்ற மனிதர் அந்தத் தம்பியின் மாமாவாகக் கோப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கோப்பி ஆறிப்போயிற்று. வீடு திரும்பும் வழியில் அப்பா தாமாகவே பேச்செடுத்து, "நீ சொன்னது சரிதாம்மா. கரகந்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நூறு முட்டை தின்ற மாதிரி இருந்தது.

துரை தம்முடைய ஆபீஸ் அணியையும் டவுன் பையன்களையும் ஒரு சனிக்கிழமை மோதவிட்டார். அத்தான் டவுன் பையன்களோடு. "என் புல்பேக்கைத் தாண்டுகிறானா என்று பார்க்கிறேன்" என்று அப்பாவிடமே சொன்னாராம். "ஆட்டம் முடிந்ததும் உன் அபிப்பிராயத்தைச் சொல். நீ வேண்டும் என்றால் எடுத்துக்கொள்கிறேன்."

அன்றைக்கு மழை பெய்து விட்டிருந்தது. புல் வழுக்கியது. கடல் காற்று துரையின் தொப்பியைக் கழற்றப் பார்த்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அத்தானுக்குப் பந்து கிடைத்தது. ஒருவரை இப்படி, ஒருவரை அப்படி என்று விலக்கிக்கொண்டு நேரே அப்பாவுக்கு முன்னால் வந்தார். அப்பா மட்டையைத் தாழ்த்தி வழியை அடைத்தார். பந்து அந்த மட்டைக்கு மேலே பூப்போல ஏறிப் போயிற்று. அப்பா திரும்பினார். கால் வழுக்கியது. சேற்றில் சப்பென்று உட்கார்ந்தார். பின்னால் கோல் விழுந்தது.

பாடாங் முழுவதும் சிரித்தது. "கிராணி உக்காந்துட்டாரு லா, நாற்காலி கொண்டாங்க" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். துரை தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அத்தான் வழக்கம்போல் மட்டையைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டத் திரும்பியவர், அப்பாவைப் பார்த்துவிட்டார். தூக்கிய மட்டை பாதியில் இறங்கிற்று. ஓடிவந்து கை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பிடிக்காமல் தாமே ஊன்றி எழுந்தார். நான் அழுதேன். அந்தக் கடலே எழுந்துவந்து அத்தானை அடித்துக்கொண்டு போகக்கூடாதா என்று நினைத்தேன்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். அத்தானுக்குப் பந்து வந்துகொண்டேயிருந்தது. எல்லாரையும் முன்போலவே விலக்கிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு முன்னால் வந்ததும், அத்தானின் மட்டையை விட்டுப் பந்து ஒரு முழம் முன்னால் ஓடும். நேரே அப்பாவின் மட்டைக்கு வந்து சேரும். அப்பா அதை ஓங்கி அடித்து அந்தக் கோடிக்கு அனுப்புவார். அத்தான் திரும்பவும் வருவார், திரும்பவும் அதே ஒரு முழம். சிரித்த கூட்டம் கை தட்டத் தொடங்கிற்று. "சுவரு சுவருதான்" என்று யாரோ சொன்னார்கள். நான் தொண்டை கட்டும் வரை கூவினேன். அப்பாவின் முகம் சிவந்து, வயது குறைந்து, அவ்வளவு அழகாக இருந்தது. துரை சிரிப்பை நிறுத்திவிட்டு அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். டவுன் அணியால் அதற்குப் பிறகு ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

வீடு திரும்பும்போது அப்பா முன்னால் நடந்தார். அத்தான் அவருடைய மட்டையையும் காலிலிருந்து கழற்றிய சேற்றுச் சப்பாத்தையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். நான் அவர் பக்கத்தில் போய், ஊருக்கே கேட்கும்படியாக, "என்ன அத்தான், எங்கப்பாவ தாண்ட முடியலயா?" என்றேன்.

அத்தான் சிரித்தார். "மாமாவ தாண்டிட்டு அப்புறம் எந்த மொகத்தோட இந்த வீட்டுல சோறு திங்கிறது பாப்பா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்படித்தான் எனக்குப் பட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பாவின் நடை ஒரு கணம் தயங்கிற்று. பிறகு முன்னைவிட வேகமாகப் போனார்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வந்தவர், அத்தான் அத்தையைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அம்மாவிடம் சொன்னார். "தொரை கேட்டாரு. கண்ணால பாத்தத சொன்னேன். வேடிக்கை காட்டுவான், ஆனா கெட்டியா ஒருத்தன் எதுக்க நின்னா ஆட்டம் போயிடும்னு சொன்னேன்."

அம்மா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "கெட்டியா நின்ன ஒருத்தரு நீங்கதானே?"

"பந்துக்கு மாமன் மச்சான் தெரியாது" என்றார் அப்பா.

"பந்துக்கு தெரியாது" என்றாள் அம்மா. "புள்ளைக்கு தெரியுமுங்க."

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. ஜெயித்துவிட்டு வந்த மனிதருக்கு இந்த வீட்டில் ஒரு வாய் சோறு நிம்மதியாகக் கிடையாதா என்று நினைத்தேன்.

அந்த நாற்காலி வேறொரு பையனுக்குப் போயிற்று. நேராக ஓடி நேராக அடிக்கும் பையன். அவன் ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. அத்தான் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். முட்டை எனக்கு வந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் அத்தை வீட்டாரின் முறையும் வந்துவிட்டது. லாரி ஏறுவதற்கு முந்தின நாள் அத்தானும் அத்தையும் விடைபெற வந்தார்கள். அத்தான் கழுத்தில் கைக்குட்டை இல்லை. அப்பாவின் காலில் விழுந்தார். அப்பா அவர் தோளைப் பிடித்துத் தூக்கியவர், பிடித்த பிடியை விடாமல் வெகு நேரம் நின்றார். அத்தைதான், "ஒங்க மேல என்ன இருக்குண்ணே, எங்க தலையெழுத்து" என்று அழுதாள். அக்காவை இரண்டு வருஷம் கழித்து மூவாரில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கொடுத்தார்கள். நாகப்பட்டினம் போனவர்களைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அத்தான் பெரிய ஆட்டக்காரராக வந்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

அப்பா அதன்பிறகு பாடாங் பக்கமே போகவில்லை. முழங்கால் வலி என்றார். ஆனால் நான் அந்தச் சனிக்கிழமையை விடுவேனா? வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு ஆடிக் காட்டுவேன். விளக்குமாறுதான் மட்டை. அத்தான் இப்படி வந்தார், அப்பா இப்படி நின்றார், ஒவ்வொரு தடவையும் இப்படிப் பந்தைப் பறித்தார் என்று கைகால் ஆட்டிச் சொல்வேன். வந்தவர்கள் சிரித்து ரசிப்பார்கள். நான் விளக்குமாற்றை எடுத்ததுமே அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். கதை முடிந்து வந்தவர்களும் போனபிறகுதான் உள்ளே வருவார்.

தன் பெருமையைத் தன் காதால் கேட்கக் கூசும் மனிதர் என்று அவரைப் பற்றி எனக்கு அவ்வளவு கர்வம். அதற்காகவே அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்.