ஜன்னலோரத்து ஐந்து டைல்கள்

லிங்கத்தை யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால், அவர் முதலில் பார்ப்பது கூப்பிட்டவர் முகத்தை அல்ல, தரையை. செருப்பைக் கழற்றும்போதே கண் கீழே போய்விடும். எந்த டைல் தூக்கி நிற்கிறது, எந்த இடுக்கில் வெள்ளைப் பசை ஒழுங்காக இறங்கவில்லை என்று அளந்துவிட்டுத்தான் நிமிர்ந்து சிரிப்பார். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து மண்டபத்துத் தரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவரிடம், "மாப்பிள்ளை கறுப்பா செவப்பான்னாவது சொல்லுங்க" என்று கேட்டாள் மனைவி இசக்கிசெல்வி. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

சுரண்டையிலிருந்து இருபது வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். இருபத்தாறு வருடமாக டைல் பதிக்கிற வேலை. ஆற்றுகால் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியுமாக ஒரு வாடகை வீடு. இசக்கிசெல்வி சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஒரே மகள் அஜிதா. அந்த ஓர் அறையில்தான் மூவரும் படுத்தார்கள், சாப்பிட்டார்கள், டிவி பார்த்தார்கள், அஜிதா படித்தாள். அவள் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில், பாப்பனங்கோட்டில் ஒரு பழைய ஃபிளாட் விலைக்கு வந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முப்பது வருடக் கட்டடம். அதனால்தான் லிங்கத்துக்கு எட்டுகிற விலையில் வந்தது. இரண்டு படுக்கையறை. சின்ன அறை அஜிதாவுக்கு என்று அன்றைக்கே பேசி முடிவானது. "கதவு அடைக்கலாமா?" என்று மட்டும் அவள் கேட்டாள். அடைக்கிற கதவுள்ள அறை அவளுக்கு அதுவரை இருந்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீடு அப்போதே குடியிருக்கிற நிலையில்தான் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது, ஹாலில் ஃபேன் சுற்றியது, பழைய மொசைக் தரை அங்கங்கே வெடித்திருந்தாலும் கால் வைக்க முடியாதபடி ஒன்றும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஒரு கோட்டு வெள்ளையடித்து, பாலைக் காய்ச்சி, அடுத்த மாதமே குடிபோயிருப்பார்கள். இசக்கிசெல்வியும் அதைத்தான் சொன்னாள்.

"போய் இருந்துக்கிட்டு மெள்ள மெள்ள செய்வோம். ரெண்டு மாச வாடகையாவது மிச்சம்லா."

"பால்காய்ப்புக்கு யாரு வருவா? எல்லாம் எங்கூட வேலை செய்யுத பயலுவ. டைல்காரன் வீட்டுத் தரையை நாணயத்தால தட்டிப் பாப்பானுவ. இந்தத் தரையைக் காட்டச் சொல்லுதியா?"

ஆக, தரை முடிந்துதான் பால்காய்ப்பு, பால்காய்ப்பு முடிந்துதான் குடி. வேறொரு கொத்தனாரை விடவும் மனசில்லை. ஊரெல்லாம் பதிக்கிறவன் தன் வீட்டுக்கு ஆள் வைப்பானா என்ற வீறாப்பு.

அடுத்த முட்டுக்கட்டை அந்தக் கட்டடத்து அசோசியேஷன் வடிவில் வந்தது. தட்டுகிற, வெட்டுகிற வேலையெல்லாம் காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்துக்குள், ஞாயிற்றுக்கிழமை கூடவே கூடாது என்று செயலாளர் கிரீஷ் லிங்கத்திடம் ஒரு தாளைக் கொடுத்தார். லிங்கம் ஊரார் வீட்டில் கூலிக்கு நிற்கிற நேரமும் அதே பத்து டு ஐந்துதான். தன் வீட்டு வேலை செய்ய வேண்டுமென்றால் அன்றைய கூலியை விட வேண்டும். மாதத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் விட முடிந்தது.

மற்றதையெல்லாம் இருப்பதை வைத்து இழுத்துப்பிடித்து ஒப்பேற்றினார்கள். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையிலிருந்து பாத்ரூம் கதவு வந்தது. மூடிப்போன ஒரு ஹோட்டலின் பாத்திரத் தொட்டி அடுப்படிக்கு வந்தது, மூன்று பேர் வீட்டுக்கு அது குளிக்கிற அளவு பெரிசு. நாலு தினுசில் நாலு நாற்காலி வாங்கி இசக்கிசெல்வி எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைப் பெயின்ட் அடித்தாள். டைல் மட்டும் கடைக் கிடங்குகளில் மிஞ்சிக் கிடந்த பெட்டிகளிலிருந்து பாதி விலைக்கு வந்தது. ஹாலுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு ஜாதி. அதில் லிங்கத்துக்குக் குறையில்லை. ஓர் அறைக்குள் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்பார்.

அஜிதாவின் அறையைக் கடைசிக்கு வைத்தார். கை நன்றாகப் பழகின பிறகு அவளுடையதைச் செய்ய வேண்டும் என்று ஒரு காரணம் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் பழகாத கை இனி எப்போது பழகும் என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

அதற்குள் அவள் பிளஸ் டூ வந்துவிட்டாள். நகரத்திலேயே அரசாங்க நர்சிங் காலேஜில் இடம் வாங்க வேண்டும், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வர வேண்டும், அதுதான் அவள் கணக்கு. பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் அந்த இடம். பிப்ரவரி நடுவில் அறையின் தரை முடிந்தது. அம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, எனக்கு இது மதி, இவ்வளவு போதும். பெயின்ட்டும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம். ஒரு ஃபேன் மட்டும் மாட்டித் தந்தா ஸ்கூல் விட்டு நேரே அங்க போய் இருந்து படிச்சுக்குவேன்."

"பொங்காலைக்கு முன்ன தந்திருதேன் மக்களே" என்றார் லிங்கம். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னார்.

ஃபேன் மாட்டப் போன நாளில்தான் வினை வந்தது. தூசிக்காக ஜன்னலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்தார். மேற்கு வெயில் உள்ளே விழுந்தது. ஜன்னலோரத்து ஒரு வரி, ஐந்து டைல், மற்றதைவிட ஒரு பொட்டு மங்கல். அந்த ஐந்தும் வேறு பெட்டி, வேறு சூளையில் சுட்டவை. அவர் அந்த வெயிலில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற அதே நிறத்தில் இனிப் பெட்டி கிடைக்காது. மகள் அறையில், அதுவும் தினமும் வெயில் விழுகிற இடத்தில், தன் கைவேலையில் இப்படி ஒரு வரியா? மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூலியை விட்டுவிட்டு வந்து, இருபத்தைந்து டைலையும் பெயர்த்து எறிந்தார். நல்ல பசை போட்டு ஒட்டினவை. ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

ஒரே வாரத்தில் புதுசு போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார். ஒரே நிறத்தில் ஏழு பெட்டி தேடிப்பிடித்து மூன்றாம் மாடிக்குச் சுமந்து ஏற்றுவதற்குள் மார்ச் பிறந்துவிட்டது. படியில் கிரீஷ் நிறுத்தினார்.

"லிங்கம், இந்த மாசம் பணி வேண்டா கேட்டோ. குட்டிகள்க்கு பரீக்ஷயாணு."

கட்டடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பரீட்சை. அவர்கள் படிக்க வேண்டும், அதனால் சத்தம் கூடாது. நியாயம்தானே என்று தலையாட்டினார் லிங்கம். தன் வீட்டுப் பிள்ளைக்கும் அதே பரீட்சைதான் என்பது அந்தப் படியில் நின்ற நேரத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை. அடுத்த நாளே விழிஞ்ஞத்தில் ஒரு குவார்ட்டர்ஸ் வேலைக்குப் போய்விட்டார். சின்ன அறையில் கொத்திப் போட்ட தரை. ஹாலில் உடைந்த டைல் மூட்டைகள். பெரிய அறையில் பெட்டியும் சிமென்டும். சத்தமில்லாமல் ஒரு நாள் மூட்டைகளை இறக்கி ஹாலைக் காலி பண்ணிக் கொடுத்திருக்கலாம். பாய் போட இடம் கிடைத்திருக்கும். இன்றைக்கு அதை நினைத்து நினைத்து நெஞ்சில் குத்திக்கொள்கிறார். அன்றைக்குத் தோன்றவில்லை.

அஜிதா ஒரு நாள் சாவியை வாங்கிக்கொண்டு புத்தகப் பையோடு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள்.

ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்துப் பொங்கலிடுகிற பொங்காலை வந்தது. ஆற்றுகாலில் வீடிருந்தால் அந்த வாரம் அது சொந்தக்காரர்களின் வீடு. சங்கரன்கோவிலிலிருந்து இசக்கிசெல்வியின் அக்கா முத்தாரம்மாள் தலைமையில் ஆறு பேர் பானையும் அரிசியுமாக வந்து இறங்கினார்கள். வராதே என்று சொல்ல முடியுமா? அந்த வாரத்தில்தான் கெமிஸ்ட்ரி பரீட்சை. ஓர் அறைக்குள் எட்டுப் பெண்கள், சிரிப்பு, வெல்லம் இடிக்கிற சத்தம், தெருவெல்லாம் அடுப்புக்குச் செங்கல் அடுக்குகிற இரைச்சல். அஜிதா வீட்டுக்கார ஓமனாவின் மாடிப்படியில் ஏழாம் படியில் உட்கார்ந்து படித்தாள். மாடிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் காலை மடக்கி வழிவிட்டாள்.

"ஆ குட்டி நாலு நாளாயிட்டு படியிலாணல்லோ செல்வி" என்று ஓமனா சொன்னதை இசக்கிசெல்வி லிங்கத்திடம் வந்து சொன்னாள். "பரீட்சை முடியட்டும், ராஜாத்தி மாதிரி ரூம் குடுக்கேன்" என்றார் அவர். பரீட்சை முடிந்த பிறகு எதற்கு என்று இசக்கிசெல்வி கேட்டாள்.

மார்க் மோசமில்லை. ஆனால் போதவில்லை. கெமிஸ்ட்ரியில்தான் இறங்கியிருந்தது. உள்ளூர் இடம் கைக்கு எட்டாமல் நின்றுவிட்டது. மங்களூரில் ஒரு காலேஜில் சேர்ந்தாள். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஐந்து பேர். அங்கேயும் கதவு அவளுடையதில்லை. ரயிலேற்றிவிட்டு வந்த மறுவாரம் லிங்கம் சின்ன அறைத் தரையை மறுபடி பிடித்தார். அக்டோபரில் எல்லாம் முடிந்தது.

தீபாவளி லீவுக்கு அவள் ஐந்து நாள் வந்தாள். அதைப் பார்த்துத்தான் பால்காய்ப்பு வைத்தார்கள். பொங்கின பாலை எல்லாருக்கும் கொடுத்தாள் இசக்கிசெல்வி. உடன் வேலை செய்கிறவர்கள் சொன்னபடியே நாணயத்தோடு வந்தார்கள். தங்கபாண்டி ஒவ்வோர் அறையாகக் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒரு எடத்துலகூட பொள்ளச் சத்தம் இல்ல, அடியில எங்கயும் காத்து நிக்கல" என்றான். இரண்டரை வருடமாக லிங்கம் காத்திருந்த வார்த்தை அது. காதில் விழுந்தது, அவ்வளவுதான். அவர் கண் அஜிதாவைத் தேடிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு அவளைச் சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். மேஜை, விளக்கு மாட்ட பிளக், கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். மேற்கு வெயில் தரையில் கிடந்தது. ஏன் பெயர்த்தேன் என்று அவளிடம் அதுவரை அவர் சொன்னதில்லை. இப்போது சொன்னார். ஜன்னலோரத்து ஒரு வரி நிறம் மாறிக் கிடந்தது, அதனால்தான் என்று.

அஜிதா தரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியவே இல்லையே அப்பா. நான் அந்த ஜன்னல்கிட்டதான் உக்காந்து பாத்தேன், அம்மாகூட வந்தப்போ. நல்ல குளுர்ச்சியா இருந்துது. இங்கதான் இருந்து படிக்கணும்னு எடம்கூட நிச்சயிச்சேன்."

லிங்கம் மேஜையைப் பிடித்துக்கொண்டார். மனைவியிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னார்.

"நாந்தான் ஒன்னைப் படிக்க விடாமப் பண்ணிட்டேன் மக்களே."

சொன்னாரே ஒழிய, இல்லப்பா, அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னார். எந்தப் பிள்ளையும் அப்படித்தானே சொல்லும்? அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"ஆமாப்பா" என்றாள் அஜிதா. கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிறகு, அம்மாவுக்குப் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று அடுப்படிக்குப் போனாள்.