பண்டத்தரிப்புச் சிவகௌரி வேண்டாம் என்ற வேலை

சிவகௌரிக்கு ஐம்பத்துநாலு வயது நடக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. கீரிமலைப் பக்கம் திறக்கவிருந்த முதியோர் இல்லத்தில் தலைமைப் பராமரிப்பாளர் வேலை. திறக்க இரண்டு மாதம் முந்தியே வந்து ஆயத்தங்களைப் பார்க்க வேண்டும். ஐம்பத்தைந்து தாண்டியவர்களை அங்கே எடுப்பதில்லை. இதை விட்டால் இன்னொன்று இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

இருபது வருடமாக வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்தவள் அவள். நோயாளி கண்ணை மூடினால் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரை நின்றுவிட்டுப் பையைத் தூக்க வேண்டிய தொழில். அடுத்த வீடு கிடைக்கும்வரை தமக்கை வீட்டு விறாந்தையில் பாய். இல்லத்தில் என்றால் தனி அறை, மாதச் சம்பளம், வேலையால் நிற்கும் நாளில் சேமலாப நிதி.

மறுபக்கத்தில், அவள் இப்போது பார்த்துவரும் கதிரவேலு மாஸ்டர் கிடந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து மூன்று வருடம். இதுவரை ஒரு படுக்கைப் புண் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் சிவகௌரி புரட்டிப் படுக்க வைத்ததால் கிடைத்த பலன் அது; அதிசயம் ஒன்றுமில்லை. வேறு யார் கரண்டியை நீட்டினாலும் மனிதர் வாயைத் திறக்கமாட்டார். ஒரே மகன் வாகீசன் கனடாவில்.

அவனுக்குச் சொல்லாமல் போவது முறையில்லை என்று வட்ஸ்அப்பில் எடுத்துச் சொன்னாள்.

"அக்கா, நீங்கள் போனால் அப்பா ஒரு கிழமை தாங்கமாட்டார்."

"எனக்கும் வயசு போகுது தம்பி. இனி ஆரும் என்னைக் கூப்பிடாயினம்."

"அப்பா இருக்குமட்டும் நீங்கள்தான் அவரைப் பாக்கிறது. நீங்கள் எங்கடை ஆள் எல்லோ."

கட்டிலில் கிடந்த மாஸ்டரும் இடக்கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "போகாதை பிள்ளை" என்றார்.

'எங்கடை ஆள்' என்ற பேச்சை நம்பிக் கெட்டவர்கள் இந்த ஊரில் கனபேர். சிவகௌரியும் நம்பினாள். மறுநாள் மினிபஸ் பிடித்துப் போய் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இல்லப் பொறுப்பாளர் மரியரட்ணம், "யோசிச்சுத்தானோ அக்கா?" என்று இரண்டுதரம் கேட்டார். இரண்டுதரமும் ஓம் என்றாள்.

அதிலிருந்து ஏழாம் வாரம் வாகீசன் வந்து இறங்கினான். அவளுக்கு ஒரு கைப்பையும் சொக்கிலேட்டும் கொண்டுவந்தான். மூன்றாம் நாள், தேத்தண்ணியை வாங்கிக்கொண்டே சொன்னான்.

"திங்கட்கிழமை அப்பாவைக் கீரிமலை இல்லத்திலை விடப்போறன் அக்கா. நீங்களும் வந்து அவையளுக்கு ஒருக்கால் காட்டிக் குடுத்தால் நல்லம்."

"எந்த இல்லம்?"

"உங்களைக் கேட்ட இடம்தான்."

அவள் போனாள். போகாவிட்டால் கஷ்டப்படுபவர் மாஸ்டர். தலைமைப் பராமரிப்பாளராக றொசாந்தி என்ற இளம்பெண் நின்றாள். நோயாளியின் விபரங்களை எழுதும்படி கோவையைச் சிவகௌரியிடம் நீட்டினாள். கோவையின் முதல் தாள் அனுமதி விண்ணப்பம். அவள் வாகீசனோடு கதைத்த நாளுக்கு ஆறு நாள் முந்திய திகதி. கீழே மாஸ்டரின் கையெழுத்து, கோணலாக, இடக்கையால். அந்தக் கைக்கு எழுதப் பழக்கியவளே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை தமக்கையிடம் போயிருந்த நேரம் யாரோ கொண்டுவந்து வாங்கியிருக்கிறார்கள்.

கோவையோடு கட்டிலடிக்குப் போனாள்.

"மாஸ்டர், இது உங்கடை கையெழுத்துத்தானே?"

அவர் முகட்டைப் பார்த்தார். "இல்லம் திறக்கக் கொஞ்சக் காலம் கிடந்தது. நீ போயிருந்தால் அதுவரைக்கும் என்னை ஆர் பிள்ளை பாக்கிறது?"

"அதைச் சொல்லியிருக்கலாம். ரண்டு மாசம் பிந்தி வாறன் எண்டு நான் இவையளைக் கேட்டிருப்பன். உங்களையும் இஞ்சையே பாத்திருப்பன்."

"அது எங்களுக்குத் தோன்றேல்லை" என்றார் மாஸ்டர்.

பொய் சொன்னதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். தன்னைப் பற்றி ஒரு நிமிடம்கூட அவர்கள் நினைக்கவில்லை என்பதுதான் நெஞ்சில் தைத்தது. ஆனாலும் விபரத்தை ஒழுங்காகவே எழுதினாள். வலக்கன்னத்தில் சோறு தங்கும், படுக்க வைக்க முன்னம் விரல்விட்டுப் பார்க்கவும் என்பதற்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தாள்.

வாசலில் வாகீசன், "உங்களுக்கு ஒரு நல்ல சேட்டிபிக்கற் எழுதித் தாறன் அக்கா" என்றான்.

"எழுதுங்கோ. நீங்கள் மறிச்சபடியால்தான் இந்த வேலையை விட்டனான் எண்டு எழுதுங்கோ. அதுக்கு முன்னமே இஞ்சை இடம் பதிஞ்சனீங்கள் எண்டும் எழுதுங்கோ. மரியரட்ணத்தாரிட்டைக் காட்டினால், அடுத்த இடம் வரேக்கை வயசைப் பாராமல் விடுவார்."

அவன் காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதி நீட்டினான். அன்பு, பொறுமை, தாய் போன்ற கவனிப்பு எல்லாம் இருந்தன. அவள் கேட்டது இல்லை.

"'தாய்' எண்டதை வெட்டிப்போட்டு நான் சொன்னதை எழுதுங்கோ தம்பி."

"அது எனக்குக் கூடாதெல்லோ அக்கா."

தாளைக் காரின் மேலேயே வைத்துவிட்டு பஸ் தரிப்புக்கு நடந்தாள்.

இப்போது மானிப்பாயில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போன அன்று வாசலிலேயே நின்று வீட்டுக்காரரைக் கேட்டாள்: "வேறை எங்கையும் இடம் பதிஞ்சு வைச்சிருக்கிறியளோ? இருந்தால் இப்பவே சொல்லுங்கோ."

அவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பதில் வரும்வரை பையைக் கீழே வைக்கவும் இல்லை.