கீமுனுக்கு மூன்று நிமிடம்

கீமுன் தேயிலையை முதன்முதல் பார்த்தபோது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மெல்லிய, முறுகிய, கறுத்த இலை. மூக்கருகே கொண்டுபோனால் உலர்ந்த பழத்தின் வாசமும் அதற்குப் பின்னால் துளிப் புகையும். பிராங்பேர்ட்டில் நான் வேலை செய்த தேயிலைக் கடையில் அதற்கென்று ஒரு தகரடப்பா இருந்தது. சீனாவின் அன்ஹுய் மலைகளில், முகில் லேசில் விலகாத சரிவுகளில் வளர்வது. வெயில் குறைவாகப் படுவதால் இலை மெதுவாக வளரும், அதனால்தான் இந்த மென்மை என்று முதலாளியம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். நாம் கறுப்புத் தேயிலை என்பதைச் சீனர்கள் சிவப்புத் தேயிலை என்கிறார்களாம், வடித்த நீரின் நிறத்தை வைத்து. எங்கள் ஆட்களுக்கோ தேயிலை என்றால் சாயம். சாயம் இறங்காத தேயிலையை ஊரில் கடைக்காரரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. பின்னறையில் தேயிலையை நிறுத்துப் பொதிசெய்யும் வேலை எனக்கும் மன்னார்க்காரரான ஓர் அண்ணைக்கும். அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவரே அவர்தான். இருவருக்கும் தற்காலிக ஒப்பந்தம். அவருடைய மனைவியும் ஐந்து வயது மகளும் மன்னாரில் இருந்தார்கள். அவர்களை ஜேர்மனிக்குக் கூப்பிடும் அன்ட்ராக்குக்கு, அந்த விண்ணப்பத்துக்கு, நிரந்தர வேலைக்கான கடிதம் வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கூப்பிட ஒருவரும் இல்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு முன்கடையில் நிற்பது.

அந்த முன்கடையில் ஒரு நிரந்தர இடம் வந்தது. இருவரும் ஆளுக்கொரு முறை கீமுன் தயாரித்துக் காட்ட வேண்டும், பிறகு முடிவு செய்வதாக முதலாளியம்மா சொன்னார். டப்பாவில் செய்முறை ஜேர்மன் மொழியில் ஒட்டியிருந்தது. கொதி அடங்கிய தண்ணீர், ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டி இலை, மூன்று நிமிடம் 'சீயன்'. அண்ணை மற்றதெல்லாம் வாசித்துவிட்டு அந்த ஒரு சொல்லில் தடக்கினார்.

"தம்பி, சீயன் எண்டா என்ன?"

அந்தச் சொல்லுக்கு இழுப்பது என்றும் பொருள் உண்டு, தேயிலையை ஊறவிடுவது என்றும் பொருள் உண்டு. நான் சனிக்கிழமைகளில் முன்கடையில் உதவிக்கு நின்றவன். முதலாளியம்மா குவளையை மூடி, மூன்று நிமிடம் தொடாமல் வைத்திருப்பதைப் பலமுறை பார்த்தவன். தலை நிமிராமல், "இழுக்கிறது, அண்ணை" என்றேன்.

"ஓ, இழுத்து ஆத்துறதோ? அது எனக்குத் தண்ணிபட்ட பாடு!"

நான் பொய் சொல்லவில்லை. அகராதியில் முதலில் நிற்பது அந்தப் பொருள்தான். இப்படித்தான் பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "அப்படியில்லை அண்ணை" என்று திருத்த ஒரு முழு நாள் இருந்தது. நான் தேயிலையை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் இரண்டு பாத்திரங்களை எடுத்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, இலையோடு சேர்த்தே, கையை உயர்த்தி மூன்று நிமிடம் ஆற்றினார். அங்கே நின்ற வாடிக்கையாளர் ஒருவர் சிரித்தார். முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் ரசிக்கிறார்கள் என்று நினைத்த அண்ணை கையை இன்னும் மேலே தூக்கினார். நுரையும் சக்கையுமாக வந்ததை முதலாளியம்மா ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கீழே வைத்தார். அடுத்து நான் தயாரித்தேன். அது நன்றாக வந்தது, வராமல் என்ன செய்யும்.

அண்ணையின் ஒப்பந்தம் முடிந்ததும் அதை நீட்டவில்லை. அன்ட்ராக் மறுக்கப்பட்டது. இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கிப் பாதைகளும் அடைபட்டன. ஒரு சலவைக்கூடத்தில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்து, குடும்பம் வந்து சேர்ந்தபோது ஏழு வருடம் போயிருந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ்ப் பூசை முடிந்து கோவில் வாசலில் அவர்களைச் சந்தித்தேன். அந்தப் பிள்ளை தகப்பனைவிட்டு ஓரடி தள்ளியே நின்றது. அவர் தோளில் கை வைத்தபோது, அறியாத ஆளின் கை பட்டதுபோல மெல்ல விலகியது. அண்ணை அதைக் கவனிக்காததுபோல என்னைக் காட்டி மகளிடம் சொன்னார்:

"இந்த மாமாதான் அப்பாக்கு டொச் பாஷை எல்லாம் வடிவாச் சொல்லித் தந்தவர். அப்பாதான் விளங்காமல் பிழையாச் செய்துபோட்டன். இல்லாட்டி நீங்கள் அப்பவே வந்திருப்பீங்கள். மாமாக்கு நன்றி சொல்லுங்கோ."

"நன்றி மாமா" என்றாள்.

"அதுக்கென்ன பிள்ளை" என்றேன்.